கார்புரேட்டரைக் கழுவுவதா, கிட் போடுவதா, மாற்றுவதா? புல்வெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சில மாதங்கள் மூலையில் கிடந்த புல்வெட்டியை வெளியே எடுத்துக் கயிற்றை இழுக்கிறீர்கள். இன்ஜின் கிளம்புவதில்லை. கிளம்பினாலும் இரண்டு நொடி உறுமிவிட்டு அடங்கிப்போகிறது. விசாரித்தால் எல்லோரும் ஒரே குரலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் ‘கார்புரேட்டர்’ என்கிறார்கள். குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஸ்பிரே அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். கழற்றிக் கழுவச் சொல்கிறார் இன்னொருவர். அதோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள், புதிதையே வாங்கிப் போடுங்கள் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் அவரவர் இயந்திரத்துக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். உங்கள் இயந்திரத்துக்கு எது சரி?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கார்புரேட்டர் என்ன விலை என்று பார்த்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. உள்ளே கெட்டுப்போயிருப்பது எது என்று பார்த்து எடுக்க வேண்டும். படிந்த பிசினா, தேய்ந்த ரப்பரா, அரித்த உலோகமா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் செலவழிப்பவர்கள்தான் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் பழுதின் வகை. பெட்ரோல் ஆவியாகிப்போய் விட்டுச்சென்ற பிசின் மட்டும்தான் என்றால், கழுவினால் போய்விடும். ரப்பரும் கேஸ்கெட்டும் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) விறைத்தோ நைந்தோ போயிருந்தால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை; அந்த உறுப்புகளை மாற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீர் தங்கி உலோகமே அரித்துப்போயிருந்தால் கழுவுவதும் வீண், அந்த உறுப்புகள் அடங்கிய ரிப்பேர் கிட் போடுவதும் வீண்.

இரண்டாவது, உங்கள் கையில் இருக்கும் கருவிகளும் பொறுமையும். கார்புரேட்டரைக் கழற்ற ஒரு சாக்கெட் செட்டும் நல்ல ஸ்குரூ டிரைவரும் போதும். ஆனால் சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகளையும் கம்பிகளையும் எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டும் நிதானம் வேண்டும். மூன்றாவது, மொத்தச் செலவு. பொருளின் விலையோடு கேஸ்கெட், பெட்ரோல் குழாய், வடிகட்டி, கிளீனர், தவறான மாடல் வந்தால் திருப்பி அனுப்பும் அலைச்சல் எல்லாம் இதில் அடங்கும். நான்காவது, செய்த வேலை எத்தனை பருவம் தாங்கும் என்பது. ஐந்தாவதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை: வேலை பிசகினால் என்ன ஆகும்? கழுவும்போது பிசகினால் ஒரு கார்புரேட்டர் போகும். இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றி மாட்டிவிட்டால் இன்ஜின் கட்டுப்பாடின்றி ஓடி, இன்ஜினே போகலாம்.

## முதலில், கார்புரேட்டர்தானா?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். புதிய கார்புரேட்டர் போட்ட பிறகும் கிளம்பாமல் நிற்கும் புல்வெட்டிகள் ஏராளம். அவற்றில் பலவற்றில் கார்புரேட்டர் குற்றமற்றது.

டேங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல் என்று பாருங்கள். நல்ல பெட்ரோலின் வாடை மூக்கைத் துளைக்கும். கெட்டுப்போனது புளித்த வார்னிஷ் போல நாறும், நிறமும் கருத்திருக்கும். அதை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். அடுத்து டேங்க் மூடி. அதிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் இன்ஜின் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடும். சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கிளம்பும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர் அழுக்கேறியிருந்தால் கரும்புகை வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். கல்லிலோ வேரிலோ பிளேடு மோதிய பிறகு கிளம்ப மறுக்கிறது என்றால் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவித்துண்டு பாதி வெட்டுப்பட்டு, பொறி விழும் நேரம் தவறியிருக்கலாம். கயிறு கையைப் பிடுங்குவதுபோல் பின்னிழுத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கடைசிச் சோதனை: ஏர் ஃபில்டரை எடுத்து, கார்புரேட்டரின் வாய்க்குள் கிளீனர் ஸ்பிரேயைச் சிறிது அடித்து, ஃபில்டரை மூடிவிட்டுக் கயிற்றை இழுங்கள். இன்ஜின் கிளம்பி இரண்டு மூன்று நொடி ஓடிவிட்டு நின்றால் பொறியும் அழுத்தமும் நன்றாக இருக்கின்றன, பெட்ரோல்தான் போய்ச் சேரவில்லை என்று பொருள். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றிப் பாருங்கள். அங்கே பெட்ரோல் தாராளமாகக் கொட்டினால் குறை கார்புரேட்டருக்குள்தான்.

அறிகுறிகளே பாதி விடையைச் சொல்லிவிடும். சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் அடைப்பு) போட்டால் மட்டும் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டில் அடைப்பு. வேகம் தானாக ஏறி ஏறி இறங்குகிறது என்றால் பெரும்பாலும் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஐடில் ஜெட்டில் அடைப்பு, அல்லது கேஸ்கெட் வழியாகக் காற்று புகுகிறது. இவை பெரும்பாலும் பிசின் சார்ந்தவை. பெட்ரோல் சொட்டுகிறது, ஃபில்டர் நனைந்திருக்கிறது, ஆயில் அளவு தானாக உயர்ந்து அதில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஊசி வால்வு மூடவில்லை. இது ரப்பர் சார்ந்தது. ஆயிலில் பெட்ரோல் கலந்த இன்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். வால்வைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே கயிற்றைத் தொட வேண்டும்.

இயந்திரத்தின் அடியில் கைவைக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். சாய்க்க நேர்ந்தால் ஏர் ஃபில்டர் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, இல்லாத பழுதையும் உண்டாக்கும்.

## வழி 1: கழற்றாமல் சுத்தம் செய்வது

பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தின் போல்ட்டைத் தளர்த்தி உள்ளிருப்பதைக் கொட்டி, கிளீனர் அடித்து, புதிய பெட்ரோலில் சுத்தம் செய்யும் திரவம் கலந்து ஓட்டுவது. அரை மணி நேர வேலை. செலவு ஒரு ஸ்பிரே டப்பா.

இயந்திரம் சில வாரங்களே சும்மா கிடந்தது, ஓடுகிறது ஆனால் கொஞ்சம் தடுமாறுகிறது என்றால் இதைச் செய்து பாருங்கள். கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டிலேயே விஷயம் முடிந்துவிடுவதும் உண்டு. பழைய டெகும்சே இன்ஜின்களிலும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் பல இன்ஜின்களிலும் அந்த போல்ட்டே மெயின் ஜெட்டாகவும் வேலை செய்கிறது. அதன் நடுவிலும் பக்கவாட்டிலும் உள்ள சிறு துளைகளைத் திறந்துவிட்டால் கார்புரேட்டரை இன்ஜினிலிருந்து பிரிக்காமலே வேலை முடிந்தது.

ஆனால் இந்த வழியின் மீது அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். வாயில் அடிக்கும் ஸ்பிரே பெரிய பாதையைத்தான் கழுவுகிறது. அடைப்பு இருப்பதோ உள்ளே, ஜெட்டில். பெட்ரோலே போகாத துளைக்குள் பெட்ரோலில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்? திரவங்கள் அடைப்பு வராமல் தடுக்கும், லேசான படிவை மெல்லக் கரைக்கும். முழுதாக அடைத்ததை அவை திறப்பதில்லை. ஒரு முறை செய்து பலனில்லை என்றால் இரண்டாவது டப்பா வாங்காதீர்கள். அடுத்த வழிக்குப் போங்கள்.

## வழி 2: கழற்றி முழுமையாகக் கழுவுவது

நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காரணம், சுத்தமும் ஆகிறது, பழுது என்ன என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு கிட் வாங்க நேர்ந்தாலும் புதிது வாங்க நேர்ந்தாலும் காரணம் தெரிந்தே வாங்குவீர்கள்.

அடைப்பு எவ்வளவு சிறியது என்பதை உணர்ந்தால்தான் இந்த வேலையின் அருமை புரியும். சிறிய இன்ஜின்களின் ஐடில் ஜெட் துளை 0.4 மி.மீ. அளவில் இருக்கும். அதன் சுவரில் சுற்றிலும் 0.05 மி.மீ. பிசின் படிந்தாலே விட்டம் 0.3 மி.மீ. ஆகிவிடும். பரப்பைக் கணக்கிட்டால் பாதை 44 சதவீதம் குறுகிவிட்டது. பெட்ரோல் இன்ஜினுக்கு எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்கு இவ்வளவு மெல்லிய படலத்தால் குலைந்துவிடுகிறது. கிண்ணம் பளபளவென்று இருக்கிறதே, பிறகு ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கழற்றும் முன் கவர்னர் கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நெம்புகோலில் அருகருகே இரண்டு மூன்று துளைகள் இருக்கும். நினைவை நம்ப முடியாது. கேஸ்கெட்டுகளும் அவற்றுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் துண்டும் வெளிவரும் வரிசையையும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் ஓரத்தில் உள்ள சிறு காற்றுத் துளை மறைந்துபோகும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் இன்ஜின் சரியாக ஓடாது.

கிண்ணத்தை எடுத்ததும் மிதவையைத் தாங்கும் குறுக்குக் கம்பியை உருவி மிதவையை விடுவியுங்கள். அதோடு ஊசி வால்வும் வந்துவிடும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை, மாற்றியே ஆக வேண்டும். நடுத்தூணின் உள்ளே இருக்கும் மெயின் ஜெட்டை, அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் மட்டும் திருகுங்கள். பித்தளை மென்மையானது, முனை சிறுத்த ஸ்குரூ டிரைவர் வெட்டைச் சிதைத்துவிடும். ஜெட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் துளைகள் கொண்ட ஒரு குழல் இருக்கும்; கவிழ்த்துத் தட்டினால் விழும். ஐடில் ஜெட்டைத்தான் பலர் தவற விடுகிறார்கள். ஹோண்டாவின் சிறிய இன்ஜின்கள் பலவற்றில் அது ஐடில் வேகத் திருகின் தலைக்கடியில் ஒளிந்திருக்கிறது. திருகை எடுத்து, ஜெட்டை மெல்ல நெம்பினால் வந்துவிடும்.

இப்போது ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துளை வழியே தெரியும் ஒளி, விளிம்பு கூர்மையான முழு வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மங்கியிருந்தாலோ பிறை போல் தெரிந்தாலோ இன்னும் பிசின் இருக்கிறது. மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகத் துழாவலாம். தையல் ஊசி, துளைக்கருவி, இரும்புக் கம்பி எதுவும் கூடாது. துளை ஒரு நூலளவு பெரிதானாலும் அந்த ஜெட்டின் கணக்கு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

கிளீனரில் நனைக்கும் முன் ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கரைப்பான் ரப்பரை உப்பவைத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளையில் அடிக்கும் ஸ்பிரே இன்னொரு துளை வழியாகச் சீறி வந்து நேராகக் கண்ணில் பாயும். ஆனால் அப்படி மறுபக்கம் வருவதுதான் பாதை திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளமும்கூட. ஒவ்வொரு துளையிலும் அடித்து எங்கே வெளிவருகிறது என்று பார்த்து, அழுத்தக் காற்றால் ஊதிவிடுங்கள்.

அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிரும் தொட்டியில் வெதுவெதுப்பான நீரும் அதற்குரிய மென்மையான சோப்புக் கரைசலும் போதும். பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ அதில் ஊற்றுவது தீயை விலைக்கு வாங்குவது. காரம் கூடிய கரைசல் அலுமினியத்தைக் கருக்கச் செய்யும். எடுத்ததும் காற்றடித்து முழுவதும் உலர்த்த வேண்டும். சில கார்புரேட்டர்களில் ஐடில் பாதையின் நுண்துளைகள் அழுத்திப் பொருத்திய சிறு உலோக வில்லைக்குப் பின்னால் இருக்கும். அதைக் குத்தி எடுத்தால் திரும்பப் போட முடியாது, புதிய வில்லை கையில் இருக்க வேண்டும். எனவே அதில் கைவைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், முதல்முறை செய்பவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் போகும். பழைய கேஸ்கெட் கிழியும் வாய்ப்பு அதிகம். ஒன்றை முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது. கிண்ணத்தின் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி நீண்டிருந்தால் திரும்பப் பள்ளத்தில் உட்காராது.

## வழி 3: ரிப்பேர் கிட்

கிட்டில் வருவது ஊசி வால்வு, அது உட்காரும் சீட், கிண்ண வளையம், கேஸ்கெட்டுகள், சிலவற்றில் மிதவையும். டேங்கின் மேலேயே அமர்ந்திருக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் பழைய பல்சா-ஜெட் வகையில் மிதவைக்குப் பதில் டயஃப்ரம் என்ற வளையும் மெல்லிய சவ்வு இருக்கும். அது விறைத்தால் பெட்ரோல் ஏறாது. அந்த வகைக்கு டயஃப்ரம் கிட்தான் சரியான வைத்தியம். முழுக் கார்புரேட்டர் தேவையே இல்லை.

ஊசி வால்வின் கூம்பு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது இனி மூடாது. பெட்ரோல் சொட்டும் கார்புரேட்டருக்கு வெறும் கழுவல் பயன்படாததற்கு இதுவே காரணம்.

உலோக உடல் நன்றாக இருக்கிறது, ரப்பர்தான் போயிற்று என்றால் கிட்டை விடச் சிக்கனமான வழி கிடையாது. அசல் கார்புரேட்டரின் ஜெட் அளவுகள் அப்படியே காப்பாற்றப்படுகின்றன என்பது பெரிய ஆதாயம். இப்போது தயாரிப்பில் இல்லாத பழைய இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் இது ஒன்றே வழி.

சிக்கல்களும் உண்டு. கிட் போடுவது என்றால் வழி 2 முழுவதையும் செய்துதான் ஆக வேண்டும். பிசின் படிந்த உடலில் புது ரப்பர் போட்டுப் பயனில்லை. ஒரே இன்ஜினில் ஆண்டுக்கு ஆண்டு வேறு கார்புரேட்டர் வந்திருக்கும். எனவே இன்ஜின் எண்ணோடு கார்புரேட்டரின் மேலே பொறித்த எண்ணையும் பார்த்து வாங்குங்கள். சிறிய ரப்பர் சீட்டுக்குத் திசை உண்டு. தலைகீழாகப் போட்டால் புது ஊசியும் ஒழுகும்.

## வழி 4: புதிய கார்புரேட்டர்

கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, துடைத்த பிறகு உலோகத்தில் குழிகள் தெரிகின்றனவா? ஊசி உட்காரும் இடமும் சொரசொரப்பாக இருக்கிறதா? யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். இன்ஜினுக்குப் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தண்டு தன் துளையில் ஆட்டம் கண்டிருந்தாலும் இதே தீர்ப்புதான். அந்த இடைவெளி வழியாகப் புகும் காற்றை எந்தக் கிட்டும் தடுக்காது. பிரிக்க முடியாதபடி ஒட்டிய பிளாஸ்டிக் கார்புரேட்டர்களையும் கழுவி நேரத்தை வீணாக்காமல் மாற்றுவதே மேல்.

அசல் தயாரிப்பா, மலிவான மாற்றுத் தயாரிப்பா என்பது இதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வி. மாற்றுத் தயாரிப்புகளில் பல நன்றாகவே ஓடுகின்றன. குப்பை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அவை ஒரே அச்சில் பல மாடல்களுக்குப் பொதுவாக வார்க்கப்படுபவை. ஜெட் அளவு உங்கள் இன்ஜினுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால், புத்தம்புதிய கார்புரேட்டரோடும் வேகம் ஏறி இறங்கும். சோக் நெம்புகோலின் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் தானியங்கிச் சோக் முழுவதும் திறக்காது. கூட வரும் கேஸ்கெட்டுகள் மெலிதாக இருக்கும். பழைய கேஸ்கெட்டோடு வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போடுங்கள்.

மலைப்பகுதியில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கு. 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3.5 சதவீதம் என்ற அளவில் இன்ஜின் சக்தி குறையும் என்கின்றன ஹோண்டாவின் கையேடுகள். உயரமான இடத்துக்கென்று சிறிய ஜெட் போட்டிருந்த அசல் கார்புரேட்டரை எடுத்துவிட்டுப் பொதுவானதைப் போட்டால் பெட்ரோல் மிகுந்து, கரும்புகை விடும். பழைய ஜெட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது புல்வெட்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயரில் விற்கும் இயந்திரத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் இன்ஜின்கள் இருக்கும். இன்ஜின் மீது பொறித்த மாடல், வகை, குறியீட்டு எண்கள்தான் கணக்கு. பழைய பெட்ரோல் குழாயின் உள்சுவர் உதிர்ந்துகொண்டிருந்தால் அந்தத் துகள்கள் புதிய ஜெட்டையும் அடைக்கும். எனவே குழாயையும் வடிகட்டியையும் கையோடு மாற்றுங்கள். பலரும் கணக்கில் சேர்க்காத செலவு இதுதான்.

## வழி 5: மெக்கானிக்கிடம் கொடுப்பது

ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது, அழுத்தம் குறைவோ என்ற சந்தேகம் இருக்கிறது, அல்லது ஏறி உட்கார்ந்து ஓட்டும் பெரிய வகை என்றால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். கவர்னர் கம்பிகளை ஏற்கெனவே யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தாலும் அப்படியே. பெரும்பாலான புல்வெட்டி இன்ஜின்கள் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,600 சுழற்சிக்குள் ஓட வேண்டியவை. அதைச் சரியாக அமைக்க வேக அளவுமானி வேண்டும், காதால் கேட்டு வைக்கக் கூடாது.

கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கழுவித் தருவீர்களா, மாற்றித் தருவீர்களா?’ கூலிக்கு நேரம் கட்டுப்படியாகாததால் நேராக மாற்றிவிடும் பட்டறைகள் அதிகம். அதில் தவறில்லை, ஆனால் மாட்டப்போவது அசலா மாற்றுத் தயாரிப்பா என்று தெரிந்துகொள்ளவும், பழையதைத் திருப்பிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. புல் வளரும் பருவத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். இயந்திரத்தைப் பருவத்துக்கு முன்பே கொடுப்பவருக்குத்தான் இந்த வழி நிம்மதி.

இயந்திரத்தையே மாற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். கார்புரேட்டருக்காக மட்டும் அதைச் செய்ய வேண்டாம். அழுத்தமும் குறைந்து, அடித்தகடும் துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் அது வேறு கதை. அப்போது பேட்டரியில் ஓடுவதையும் யோசிக்கலாம். கார்புரேட்டர் தொல்லையே இருக்காது. ஆனால் பரப்பு பெரிதாகவும் புல் அடர்த்தியாகவும் இருந்தால் ஒரு சார்ஜில் முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்றும் செலவும் வரும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தப் பழுதுக்கு | நேரம் | மறைமுகச் செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|---|
| கழற்றாமல் சுத்தம் | லேசான படிவு, சில வாரத் தேக்கம் | அரை மணி | பலனில்லாமல் வாங்கிக் குவிக்கும் ஸ்பிரேக்கள் | சோக் இல்லாமல் ஓடவே மறுத்தால் |
| கழற்றிக் கழுவுதல் | பிசின், ஜெட் அடைப்பு | 2–3 மணி | கேஸ்கெட், கிண்ண வளையம் | உலோகத்தில் குழி விழுந்திருந்தால் |
| ரிப்பேர் கிட் | ஒழுகல், விறைத்த ரப்பர், டயஃப்ரம் | கழுவும் நேரம், அதோடு கிட் வரும்வரை காத்திருப்பு | தவறான கிட் | த்ராட்டில் தண்டு ஆடினால் |
| புதியது | அரிப்பு, தேய்ந்த தண்டு, பிரிக்க முடியாத வகை | ஒரு மணி, அதோடு வரும்வரை காத்திருப்பு | குழாய், வடிகட்டி, பொருந்தாத ஜெட் | உள்ளே திறந்தே பார்க்காதபோது |
| மெக்கானிக் | ஆயிலில் பெட்ரோல், கவர்னர் கோளாறு, பெரிய வகை | வரிசையைப் பொறுத்து | கொண்டுபோய் வருவது, கேட்காமல் மாற்றுவது | வெறும் பழைய பெட்ரோல்தான் என்றால் |

## எந்த வழியிலும் சேரும் ஒரு செலவு

மேலே உள்ள ஐந்து வழிகளையும் ஒரே பருவத்தில் வீணாக்கக்கூடியது பழைய பெட்ரோல். 30 நாட்களிலேயே பெட்ரோல் கெடத் தொடங்கும் என்கிறது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். எத்தனால் கலந்ததில் இன்னொரு தொல்லை: எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி பூப்பது இப்படித்தான். பெரும்பாலான சிறிய இன்ஜின்களுக்குத் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது அதிகபட்சம் 10 சதவீத எத்தனால் மட்டுமே. உங்கள் கையேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கெடாமல் காக்கும் திரவத்தைப் புதிய பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். கெட்டுப்போனதை அது மீட்பதில்லை. கலந்த பிறகு சில நிமிடம் இன்ஜினை ஓட்டினால்தான் அது கார்புரேட்டர்வரை போய்ச் சேரும். நீண்ட நாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கை வடித்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி, அதோடு விடாமல் கிண்ணத்தின் போல்ட்டையும் தளர்த்தி வடியுங்கள். ஜெட் எட்டாத கடைசிச் சில துளிகள் அங்கேதான் மிஞ்சுகின்றன.

வேலை முடிந்து மாட்டிய பிறகு பெட்ரோலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். எங்கும் கசியவில்லை என்றால் மட்டும் கயிற்றை இழுங்கள். சோக் இல்லாமல் முழு வேகத்தில் சீராக ஓட வேண்டும். மீண்டும் தடுமாறினால் கார்புரேட்டரைத் திரும்பத் திறக்கும் முன் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாக ஏதாவது நின்றால் அது டேங்கில் தங்கிய தண்ணீர். டேங்கைக் கழற்றி முழுவதும் காயவைத்த பிறகே மறுபடி ஊற்றுங்கள்.